வாயைக் கட்டச் சொன்னது சாப்பாட்டுக்குத்தான்

எங்கள் எடைக்குறைப்பு வாட்ஸ்அப் குரூப்பின் அட்மின்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அட்மின் அக்காக்களுக்கு,

வணக்கம். இதைக் குரூப்பிலேயே எழுதியிருப்பேன். போன வாரம் ‘அட்மின்கள் மட்டும் செய்தி அனுப்பலாம்’ என்று மாற்றிவிட்டீர்கள், அதனால் வெளியே நின்று எழுத வேண்டியதாகிவிட்டது. உங்கள் மேல் கோபம் எதுவும் இல்லை. விடியற்காலையிலேயே எழுந்து ‘எல்லாரும் வாக்கிங் கிளம்பியாச்சா’ என்று கேட்டு, பைசா வாங்காமல் இத்தனை பேரை மேய்ப்பது எவ்வளவு பெரிய தலைவலி என்று எங்களுக்குத் தெரியும்.

ஆனால் புது விதிகள் சரியில்லை. அரட்டை கிடையாது, ஞாயிற்றுக்கிழமை காலை எடையை மட்டும் படிவத்தில் நிரப்ப வேண்டும், யார் எத்தனை கிலோ குறைத்தார் என்று மாலையில் தரவரிசை வரும், தொடர்ந்து இரண்டு வாரம் எடை போடாதவர் நீக்கப்படுவார். ‘அரட்டை குறைந்தால் ரிசல்ட் கூடும்’ என்று காரணமும் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கென்னவோ அந்த அரட்டையில்தான் பாதி வைத்தியம் இருந்தது என்று தோன்றுகிறது.

வைகாசி முகூர்த்தத்தில் நம் தையல் கடை அக்கா பந்தியில் உட்கார்ந்துகொண்டு குரல் பதிவு போட்டது ஞாபகம் இருக்கிறதா? பின்னால் நாதஸ்வரம் வேறு. “இலையில ரெண்டு வடை வெச்சுட்டாங்க, அல்வா வேற வருது, என்ன பண்ணட்டும், சீக்கிரம் சொல்லுங்க.” உடனே பதில்கள் வந்து விழுந்தன. “ஒரு வடை போதும். அல்வா ஒரு விரல் அளவு.” “சாதத்தைக் குறைச்சுக்கிட்டு கூட்டும் பொரியலும் இன்னொரு தடவை கேளுங்க, வெக்கப்படாதீங்க.” “மோர் ஊத்தினதும் எந்திரிச்சிருங்க. ஐஸ்க்ரீம் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காதீங்க.” கொஞ்ச நேரத்தில் இலையின் போட்டோ வந்தது. ஓரத்தில் ஒரு வடை தொடாமல் கிடந்தது. நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். (பக்கத்து இலை அம்மா ‘வேணாம்னா முதல்லயே சொல்ல வேண்டியதுதானே’ என்று திட்டியது தனிப் பஞ்சாயத்து.) பிரிட்ஜ் கதவில் ஒட்டிய எந்த டயட் சார்ட்டும் கல்யாண மண்டபத்துக்குக் கூடவே வராது.

வீட்டில் இந்தத் துணை கிடைக்காது என்பதைப் பெண்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரவு இரண்டு இட்லியோடு எழுந்தால் மாமியார், “உடம்புக்கு என்ன, ஒழுங்கா சாப்பிடு” என்பார். வீட்டுக்காரர், “இளைச்சு நீ என்ன சினிமாலயா நடிக்கப் போறே” என்பார். இரண்டு பேருக்குமே அக்கறைதான், குறை சொல்லவில்லை. ஆனால் பிள்ளைகள் மிச்சம் வைத்த தோசையை வீணாக்க மனசு வராமல் வாயில் போட்டுக்கொள்வதுதான் நம்மில் பலருக்கு எடை ஏறும் வழி என்பது, அதே தோசையை அதே நேரத்தில் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற இன்னொருத்திக்குத்தான் புரியும். ‘கையில் இருக்கு, என்ன செய்ய’ என்று ஒருவர் போடுவார். ‘நாய்க்குப் போடுங்க, புண்ணியம்’ என்று பதில் வரும். இதைத்தான் நீங்கள் அரட்டை என்கிறீர்கள்.

நாம் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடித்துவிடவில்லை. நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் ஜீன் நிடெட்ச் என்ற இல்லத்தரசி 1961இல் அரசு உடல்பருமன் கிளினிக்குக்குப் போய்க்கொண்டிருந்தார். அங்கே கொடுத்த உணவுப் பட்டியலில் குறையில்லை. ஆனால் வீட்டில் ஒளித்து ஒளித்து பிஸ்கட் தின்பதைக் கிளினிக்கில் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. தோழிகள் ஆறு பேரை வீட்டுக்கு அழைத்து அவர்களிடம் சொன்னார். அவர்களும் தாங்கள் தின்பதைச் சொன்னார்கள். அடுத்த வாரமும் கூடினார்கள், கூட்டம் பெருகிக்கொண்டே போனது. 1963இல் அதுதான் ‘வெயிட் வாட்சர்ஸ்’ நிறுவனமானது. பிற்பாடு அது காசு கொழிக்கும் வியாபாரமானது வேறு கதை. தொடங்கியது என்னவோ, கிளினிக்கில் சொல்ல முடியாததைத் தோழிகளிடம் சொன்னதில்தான்.

‘இதெல்லாம் கதை, ஆதாரம் உண்டா’ என்று நம் கணக்கு டீச்சர் அட்மின் கேட்பார். உண்டு. அமெரிக்க ஆய்வாளர்கள் ரீனா விங், ராபர்ட் ஜெஃப்ரி இருவரும் 1999இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் 166 பேர் கலந்துகொண்டார்கள். சிலர் தனியாக வந்தார்கள், சிலர் மூன்று நண்பர்களையோ உறவினர்களையோ கூட்டிக்கொண்டு வந்தார்கள். தனியாக வந்து வழக்கமான பயிற்சி மட்டும் பெற்றவர்களில் 76 சதவீதம் பேர் கடைசிவரை வந்தார்கள். குறைத்த எடையை நான்காம் மாதத்திலிருந்து பத்தாம் மாதம் வரை முழுசாகத் தக்கவைத்தவர்கள் 24 சதவீதம்தான். நண்பர்களோடு வந்து, ஒருவருக்கொருவர் துணைநிற்கும் பயிற்சியும் பெற்றவர்களில் 95 சதவீதம் பேர் கடைசிவரை வந்தார்கள், 66 சதவீதம் பேர் தக்கவைத்தார்கள்.

சரி, தரவரிசைக்கு வருகிறேன். ஒரே வாரத்தில் எடை எதனால் ஏறி இறங்குகிறது என்று நம் குரூப்பிலேயே நர்ஸ் அக்கா எத்தனையோ முறை விளக்கியிருக்கிறார். உடம்பில் சேமித்து வைக்கும் மாவுச்சத்து ஒவ்வொரு கிராமும் தன்னோடு ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரையும் பிடித்துவைக்கும். சனிக்கிழமை இரவு ஊறுகாயும் அப்பளமுமாகச் சாப்பிட்டால் ஞாயிறு காலை முள் ஏறியிருக்கும். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் ஒரு தவறும் செய்யாமலே ஏறும். இரண்டு நாள் வயிறு சரியாகப் போகாவிட்டாலும் ஏறும். இதை வைத்து முதல் இடம், கடைசி இடம் என்று பட்டியல் போட்டால், உப்புக்கும் தண்ணீருக்கும்தான் பரிசு கொடுப்பீர்கள். பட்டியலில் மேலே வருவதற்காக சனிக்கிழமை முழுக்கப் பட்டினி கிடக்கவும் நம்மில் ஆள் உண்டு. யார் என்று உங்களுக்கே தெரியும்.

எடை குறைப்பதைப் போட்டியாகவே நடத்திய அமெரிக்க டிவி நிகழ்ச்சியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருடம் கழித்துப் பரிசோதித்து 2016இல் முடிவை வெளியிட்டார்கள். போட்டியில் சராசரியாக 58 கிலோ குறைத்தவர்கள், அதில் 41 கிலோவைத் திரும்ப ஏற்றியிருந்தார்கள். அவர்கள் செய்த உடற்பயிற்சியும் பட்டினியும் நம்மால் கனவிலும் முடியாதவை, அதனால் அப்படியே ஒப்பிடக் கூடாதுதான். ஆனாலும் முதல் பரிசு வாங்குவதும் எடையைத் தக்கவைப்பதும் வேறு வேறு வேலை என்பது அதில் தெரிகிறது.

எனக்கு அதிகமாக உறுத்துவது கடைசி விதி. இரண்டு வாரம் எடை போடாதவர் யார்? எடை ஏறியவர். இல்லையென்றால் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லாதவர், துக்கம் நடந்தவர், ‘நம்மால முடியாது’ என்று தனக்குள் முடிவு கட்டிக்கொண்டவர். குறைந்திருந்தால் காலையிலேயே மெஷினைப் போட்டோ எடுத்துப் போட்டிருப்பாரே! தீபாவளிக்கு அப்புறம் ஆளே காணாமல் போன நம் பேங்க் அக்காவை யோசித்துப் பாருங்கள். யாரும் எடை கேட்கவில்லை. தையல் கடை அக்கா போன் போட்டு, ‘நானும் அதிரசம் தின்னு ஏறித்தான் இருக்கேன், வாங்க சேர்ந்தே குறைப்போம்’ என்றார். மறுநாளே அவருடைய மதியச் சாப்பாட்டு டப்பா போட்டோ வந்துவிட்டது. முட்டைக்கோஸ் பொரியல், ஒரு கரண்டி சாம்பார் சாதம், நாலு துண்டு வெள்ளரிக்காய். புது விதி அன்றே இருந்திருந்தால் அவரை நீக்கியிருப்போம்.

இந்த மாதிரிப் பெண்கள் கொஞ்சப் பேர் இல்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40 சதவீதம் பேருக்கு எடை அதிகம் அல்லது உடல்பருமன். 2015-16இல் இது 31 சதவீதமாக இருந்தது.

அரட்டையில் குப்பையும் சேர்ந்துபோனது உண்மை. அதில் நான் உங்கள் கட்சி. குட் மார்னிங் ரோஜாக்கள், ‘ஒரே வாரத்தில் தொப்பை கரையும்’ கஷாய பார்வேர்டுகள், தனிச்செய்தியில் வந்து புரோட்டீன் பவுடர் விற்கிறவர்கள், எதையும் தயவுதாட்சண்யம் இல்லாமல் நீக்குங்கள். மாத்திரை விஷயத்தில் இன்னும் கறாராக இருக்க வேண்டும். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுக்கிறவரிடம் ‘நீங்களும் விரதம் இருங்க’ என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறார்கள். சர்க்கரை தடாலென்று இறங்கி மயங்கி விழ வாய்ப்பு உண்டு. தைராய்டு மாத்திரையை நிறுத்தச் சொல்வதும் ஆபத்துதான். ‘உங்க டாக்டரைக் கேளுங்க’ என்பதைத் தவிர மருந்து பற்றி யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று விதி போடுங்கள், முதல் கையெழுத்து என்னுடையது.

குரூப்பைத் திறந்துவிடுங்கள், நீக்கும் விதியை எடுத்துவிடுங்கள். இவை இரண்டும்தான் முக்கியம். தரவரிசை வேண்டும் என்பவர்களுக்குத் தனியாக ஒன்று நடத்துங்கள், ஆசைப்பட்டவர்கள் சேரட்டும். எடையே சொல்லாமல் இருக்கவும் அனுமதி வேண்டும். இடுப்பளவு குறைந்தது, பழைய ஜாக்கெட் பிரிக்காமலே சேர்ந்தது, மூட்டு வலி இல்லாமல் மாடிப்படி ஏறினது எல்லாம் ஞாயிற்றுக்கிழமைக் கணக்கில் வரட்டும். இரண்டு வாரம் சத்தம் இல்லாதவர்களுக்குப் போன் செய்ய ஆள் வேண்டும் என்றால் நான் இருக்கிறேன், தையல் கடை அக்காவும் சரி என்றிருக்கிறார். கண்ட கண்ட பார்வேர்டுகளைக் கண்காணிக்க நர்ஸ் அக்காவையும் ஓர் அட்மின் ஆக்குங்கள். உங்கள் பாரமும் குறையும்.

இதற்குப் பதிலை எனக்குத் தனியாக அனுப்ப வேண்டாம். குரூப்பிலேயே போடுங்கள், நாங்களும் திரும்பப் பேசுகிற மாதிரி.

அன்புடன்,
குரூப்பில் ‘ரெண்டு இட்லி’ என்று நீங்கள் கூப்பிடும் தங்கை