மாலை 6.30 வரை வகுப்பு நடத்த நினைக்கும் எங்கள் பள்ளி ஆசிரியர்களுக்கு

மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர் ஐயாவுக்கும், பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பிய ஒப்புதல் படிவம் கிடைத்தது. மெல்லக் கற்போர் பட்டியலில் இருப்பவர்களுக்குக் காலாண்டு விடுமுறை முடிந்ததும் மாலை 6.30 வரை சிறப்பு வகுப்பு வைக்க உத்தேசம், பெற்றோர் கையெழுத்துப் போட்டு அனுப்பவும் என்று இருந்தது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இன்னொரு வரி: 'வகுப்பு முடிந்து மாணவர் பாதுகாப்பாக வீடு திரும்புவது பெற்றோரின் பொறுப்பு.' அந்த வரிதான் என்னை இந்தக் கடிதத்தை எழுத வைத்தது.

இன்னும் முடிவாகவில்லை, ஆசிரியர்கள் ஆலோசித்துக்கொண்டுதான் இருக்கிறோம் என்று பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் சொன்னீர்கள். நல்லது. முடிவு எடுப்பதற்கு முன்னால் நாங்கள் கேட்பது ஒன்றுதான். பின்தங்கிய பிள்ளைகளுக்குத் தனிக் கவனம் வேண்டும், அதில் மறுபேச்சே இல்லை. அதைப் பள்ளி நேரத்துக்குள் கொடுங்கள். காலை 9.30லிருந்து மாலை 4.15 வரை எட்டுப் பாடவேளைகள் இருக்கின்றன.

பஸ் நிலவரம் உங்களுக்குத் தெரியாதது அல்ல. 4.40 டவுன் பஸ்ஸை விட்டால் அடுத்தது 7.20க்கு. நடுவில் 6 மணிக்கு ஒரு தனியார் பஸ் போகும். அதில் பாஸ் செல்லாது, காசு கொடுத்து ஏறலாம் என்றாலும் வகுப்பு விடும்போது அது போயிருக்கும். 7.20 பஸ் எங்கள் ஊருக்குள் வராது, கூட்ரோட்டில் இறக்கிவிட்டு நேராகப் போய்விடும். அங்கிருந்து ஏரிக்கரை வழியாக அரை மணி நேர நடை. கரையில் கம்பம் நட்டிருக்கிறார்கள், விளக்கு இன்னும் வரவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும், மழையும் சேர்ந்துகொள்ளும். என் மகள் வாசற்படி ஏறும்போது மணி 8.15 ஆகியிருக்கும். அப்புறம் எப்போது சாப்பிடுவாள், எப்போது எழுதுவாள், எப்போது தூங்குவாள்? மறுநாள் காலைச் சிறப்பு வகுப்பு 8.30க்கு. அதற்கு 7 மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

பையன்கள் யாருடைய வண்டியிலாவது தொற்றிக்கொண்டு வந்துவிடுவார்கள். பெண் பிள்ளைகள் அப்படி வர முடியாது. பாம்புக்கும் நாய்க்கும்கூட டார்ச் அடித்துக்கொண்டு எதிரே போய் நிற்கலாம். ஊர்ப்பேச்சுக்கு எங்கே போய் நிற்பது? 'ராத்திரி எட்டு மணிக்கு ஏரிக்கரையில் வருகிறதே, அது யார் வீட்டுப் பெண்?' என்று டீக்கடையில் ஒருவர் கேட்டால் போதும். என் மாமியார் ஏற்கெனவே 'படித்தது போதும்' என்கிற கட்சி. இவ்வளவு நாளும் அவரிடம் வாதாடி, மகளை அனுப்பிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் அவர் கையில் ஒரு காரணத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கிறீர்கள்.

நான் மிகைப்படுத்துவதாக நினைக்க வேண்டாம். போன வருஷம் 5.30 வரைதான் வைத்தீர்கள். அதற்கே எங்கள் தெருவில் ஒரு பெண் அரையாண்டுத் தேர்வோடு நின்றுவிட்டாள். இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறாள். கெட்டிக்காரி. ஆங்கிலம் ஒன்றுதான் தகராறு, அதற்காகத்தான் பட்டியலில் சேர்த்தீர்கள். தேர்வுக்கே வராதவள் தேர்ச்சி விழுக்காட்டுக் கணக்கில் வரமாட்டாள். ஆகவே பள்ளிக்கு எந்தக் குறையும் இல்லை.

இன்னொன்றும் காதில் விழுந்தது. மாலை வகுப்பை ஆசிரியர்கள் முறை வைத்து எடுப்பதாகவும், பஸ்ஸில் வந்து போகும் டீச்சர்களுக்கு மட்டும் அதிலிருந்து விலக்கு என்றும் பேசியிருக்கிறீர்கள். நியாயமான முடிவு. பாவம், அவர்களுக்கும் வீடு, குழந்தை எல்லாம் இருக்கிறது, 4.40ஐ விட்டால் கஷ்டம்தான். அதே 4.40ல்தான் எங்கள் பிள்ளைகளும் வருகிறார்கள், ஐயா.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. காலை 7 மணி பஸ்ஸுக்கு ஓடுகிற பிள்ளை பாதி நாள் எதுவும் சாப்பிடாமல்தான் வருகிறது. மதியம் சத்துணவு, அதற்குப் பிறகு ராத்திரிதான். நன்கொடையாளரிடம் சொல்லிச் சுண்டல் ஏற்பாடு செய்வதாகச் சொன்னீர்கள், நன்றி.

சரி, இத்தனை கஷ்டப்பட்டு உட்கார்ந்தால் அந்த வகுப்பில் என்ன நடக்கும்? காலை வகுப்பில் நடப்பதைப் பார்க்கிறோமே. கணக்கில் ஒரு மதிப்பெண் வினா 14, வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8, ஆக மொத்தம் 30. இரண்டு மதிப்பெண்ணில் மூன்றைத் தேற்றிவிட்டால் 36, பாஸ். தேர்வுக்கு முந்தின மாசம் இந்தக் கணக்கு சரிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அக்டோபரிலிருந்தே இதைத்தான் தினமும் ஒப்பிக்க வேண்டுமா? என் மகள் வட்டத்துக்குத் தொடுகோடு அவ்வளவு சுத்தமாக வரைகிறாள். 144ஐ 6ஆல் வகுக்கச் சொன்னால் என் முகத்தைப் பார்க்கிறாள். ஏன் என்று உங்களுக்கே தெரியும். 2020 மார்ச்சில் பள்ளியை மூடியபோது அவள் நாலாவது. எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி, அப்போது அவள் ஆறாவது. ஐந்தாம் வகுப்பை இந்தப் பிள்ளைகள் வகுப்பறையில் உட்கார்ந்து படிக்கவே இல்லை. அதற்கு மேல் ஏழாவதிலும் எட்டாவதிலும் கணக்கு ஆசிரியர் பணியிடம் காலி. பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் வசூல் செய்து ஒருவரைப் போட்டோம், வேறு வேலை கிடைத்ததும் அவரும் போய்விட்டார். இதையெல்லாம் மாலை 6 மணிக்கு, பசியோடு, ஐந்து மதிப்பெண் வினாவைப் பத்துத் தடவை எழுத வைத்துச் சரிசெய்ய முடியுமா?

வகுத்தல் தெரியாத பிள்ளைக்கு முதலில் வகுத்தலைச் சொல்லித்தர வேண்டும். அதற்கு வழி நம் பள்ளியிலேயே இருக்கிறது. 2025ல் தொடங்கிய 'திறன்' திட்டத்தில் 6 முதல் 9 வரை படிப்பவர்களில் தமிழ், ஆங்கிலம், கணக்கு அடிப்படையில் தடுமாறுகிறவர்களைத் தனியாக உட்கார வைத்து, பள்ளி நேரத்திலேயே சொல்லித்தருகிறீர்கள். பத்தாம் வகுப்பு அதில் இல்லை. எங்கள் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு வருஷத்தில் தவறிப்போன வண்டி அது. அதே முறையைப் பத்தாவதுக்கும் நீங்களாகவே வைக்க எந்த அரசாணை தடுக்கிறது? மற்றவர்கள் திருப்புதல் செய்கிற பாடவேளையில் இந்தப் பிள்ளைகளைப் பக்கத்து அறையில் உட்கார வைத்தால் போதும். ஆசிரியர் பற்றாக்குறை என்பீர்கள். மாலையில் இரண்டு மணி நேரம் முறை வைத்து எடுக்க ஆள் இருக்கும்போது, பகலில் ஒரு பாடவேளைக்கு இல்லையா?

எங்கள் கோபம் முழுக்க உங்கள் மேல் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாடம் நடத்த வேண்டிய நேரத்தில் எமிஸ் இணையதளத்தில் மாணவர் விவரப் பதிவேற்றம், வாக்காளர் பட்டியல் வேலை, அந்தப் படிவம், இந்தப் புகைப்படம் என்று உங்களை உட்கார வைத்திருக்கிறார்கள். முதன்மைக் கல்வி அலுவலரின் ஆய்வுக் கூட்டத்தில் விழுக்காடு குறைந்த பள்ளித் தலைமை ஆசிரியர்களை எழுந்து நிற்கச் சொல்வதாகவும் கேள்விப்படுகிறோம். அங்கே போய், 'என்ன நடவடிக்கை எடுத்தீர்கள்?' என்ற கேள்விக்கு, 'மாலை 6.30 வரை சிறப்பு வகுப்பு' என்று சொன்னால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். பஸ் எத்தனை மணிக்கு என்று அங்கே யாரும் கேட்கப்போவதில்லை. 2021லிருந்து பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை, ரொம்ப சந்தோஷம். பஸ்ஸையும் கொஞ்சம் அனுப்பினால் ஏறிப் பார்ப்போம்.

2023 ஏப்ரலில் தொழிற்சாலைகளில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி செய்யும் மசோதா சட்டசபையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எல்லாம் கிளம்பின. மே தினத்தன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதலமைச்சரே அறிவித்தார். எங்கள் பிள்ளைகள் காலை 7 மணிக்குப் பஸ் ஏறி ராத்திரி 8.15க்கு வீடு திரும்பினால் பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. பதினைந்து வயசுக்காரர்களுக்குச் சங்கம் கிடையாது.

எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். தனிக் கவனத்தைப் பள்ளி நேரத்துக்குள் கொடுங்கள். காலை 9.30 முதல் மாலை 4.15 வரை எங்கள் பிள்ளைகளை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் வேலை வாங்குங்கள், ஒரு வார்த்தை கேட்க மாட்டோம். உடற்கல்விப் பாடவேளையை மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள், அந்த வாரத்தில் அவர்கள் சிரிப்பது அப்போதுதான்.

மாலை வகுப்பு இல்லாமல் முடியவே முடியாது என்றால், அதை எங்கள் ஊரில் வையுங்கள். 2021ல் இல்லம் தேடிக் கல்வி வந்தபோது மாலை 5 முதல் 7 வரை எங்கள் தெருவிலேயே வகுப்பு நடந்தது. தன்னார்வலராக இருந்த பெண் இன்னும் ஊரில்தான் இருக்கிறார், வரத் தயார் என்று சொல்லிவிட்டார். மாரியம்மன் கோயில் பக்கத்தில் உள்ள சமுதாயக் கூடத்தில் விளக்கு எரிகிறது. எதைச் சொல்லித்தர வேண்டும் என்று நீங்கள் எழுதிக் கொடுத்தால் போதும். வாரத்தில் ஒரு நாள் உங்களில் யாராவது வந்து பார்த்துவிட்டுப் போனால் எங்களுக்கும் பெருமை.

அடுத்த வெள்ளிக்கிழமை மேலாண்மைக் குழு கூடுகிறது. பத்தாம் வகுப்புக் கால அட்டவணையை அங்கே கொண்டுவரும்படிக் கேட்டுக்கொள்கிறேன். எந்தப் பாடவேளையை ஒதுக்கலாம் என்று எல்லோருமாக உட்கார்ந்து பார்த்துவிடலாம். அதுவரை எங்கள் ஊர்ப் பெற்றோர் யாரும் படிவத்தில் கையெழுத்துப் போடப்போவதில்லை. கூட்டத்தை 3 மணிக்கு வைத்தால் உதவியாக இருக்கும், நாங்களும் 4.40 பஸ்ஸில்தான் திரும்ப வேண்டும்.

இப்படிக்கு,
பட்டியலில் உள்ள ஒரு மாணவியின் தாய்,
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்