பதின்மூன்று நாற்காலிகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்க ஆனர்ஸ் கல்லூரிகள் (சிறந்த மாணவர்களுக்கான சிறப்புக் கல்லூரிகள்) பற்றிய உங்கள் கட்டுரை பாடத்திட்டத்தோடு நின்றுவிட்டது. கல்லூரியை நடத்தும் ஆட்சிக்குழுவில் யார் உட்காருகிறார்கள் என்பதையும் பார்த்திருக்கலாம்.

புளோரிடாவின் நியூ காலேஜையே எடுத்துக்கொள்ளுங்கள். 1960-இல் தனியார் கல்லூரியாகத் தொடங்கியது. சரசோட்டா கடலோரம், ரிங்லிங் சர்க்கஸ் குடும்பத்தின் பழைய மாளிகை. அங்கே மதிப்பெண்ணே இருக்கவில்லை, ஆசிரியர் எழுதித் தரும் மதிப்பீடுதான் இருந்தது. கையில் காசு இல்லாமல் 1975-இல் தென் புளோரிடா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. 2001-இல் பிரிந்து, மாநிலத்தின் ஆனர்ஸ் கல்லூரி ஆனது.

ஆட்சிக்குழுவில் 13 பேர். ஆறு பேரை ஆளுநர் நியமிக்கிறார் (நம்மூர் ஆளுநர் மாதிரி இல்லை, தேர்தலில் ஜெயித்து வருபவர்). ஐந்து பேரை மாநில உயர்கல்வி வாரியம் நியமிக்கிறது. சரி, அந்த வாரியத்தின் 17 பேரில் 14 பேரை நியமிப்பது யார்? அதே ஆளுநர்தான்! மிச்சம் ஒரு பேராசிரியர், ஒரு மாணவர்.

2023 ஜனவரி தொடக்கத்தில் ஆளுநர் ரான் டிசான்டிஸ் ஒரே வீச்சில் ஆட்சிக்குழுவுக்கு ஆறு பேரை நியமித்தார். மாதம் முடிவதற்குள் கல்லூரித் தலைவர் பட்ரீசியா ஓக்கருக்குப் பதவி போனது. அப்புறம் பாலின ஆய்வுகள் பாடப்பிரிவை மூட ஆட்சிக்குழு முடிவெடுத்தது. 2024 ஆகஸ்டில் அந்தக் கல்லூரிப் புத்தகங்கள் குப்பை லாரித் தொட்டியில் குவிந்து கிடந்த படம் வெளிவந்தது. பழைய நூல்களைக் கழிப்பது வழக்கம்தான் என்றது நிர்வாகம். நானும் எங்கள் கல்லூரி நூலகக் குழுவில் இருந்தவன். கழித்த புத்தகங்களை மாணவர்களுக்குக் கொடுத்துவிடுவோம்.

– ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர், மதுரை