ஐந்துக்கு ஐந்து

அக்கா,

மஞ்சள் உறை போன செவ்வாய்க்கிழமை வந்தது. இந்த நாட்டில் அந்த நிற உறைக்குத் தனி மரியாதை. தபால்காரர் அதன்மேல் தேதியைக் கையால் எழுதிவிட்டுத்தான் பெட்டிக்குள் போடுவார். பிற்பாடு யாரும் 'எனக்கு வரவே இல்லை' என்று சொல்லிவிடக் கூடாதல்லவா. நான் சொல்லப்போவதில்லை. வந்தது, பிரித்தேன், படித்தேன். ஒரே பாடத்தில் மூன்றாம் முறையும் தேறவில்லை, ஆகவே என் பெயரை நீக்கிவிட்டார்கள். அதே படிப்பை ஜெர்மனியில் வேறொரு பல்கலைக்கழகத்தில் போய்த் தொடரவும் வழியில்லை. இரண்டு பக்கக் கடிதம். மிகவும் பணிவான மொழி.

உனக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கலாம். மூன்று நாள் எழுதி எழுதி அழித்தேன். அப்புறம்தான் தோன்றியது: பொய் நாலு பேர் முன்னால் நடந்தது, நிஜத்தை மட்டும் எதற்கு உன் காதில் ரகசியமாகச் சொல்ல வேண்டும்? சொன்னால் அதையும் நீயே மூட்டை கட்டித் தூக்கிக்கொண்டு திரிவாய். அதனால் இங்கே எழுதுகிறேன். நான் எழுதுவதை எல்லாம் சித்தப்பா படிக்கிறார் என்று தெரியும். வணக்கம் சித்தப்பா. கடன் விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன், அதற்குள் அக்காவுக்குப் போன் போட்டுவிடாதீர்கள்.

2024 மார்ச், ஒரு சனிக்கிழமை. கெம்னிட்ஸுக்கு நான் போனதே உனக்காகத்தான். எங்கோ படம் பார்த்துவிட்டு, 'அந்த மார்க்ஸ் தலையை நேரில் காட்டு, காட்டு' என்று நான் விமானம் ஏறுவதற்கு முன்பிருந்தே நச்சரித்தாய். அப்போது 49 யூரோவாக இருந்த மாதச் சீட்டில் எல்லா ரயிலிலும் ஏற முடியாது. ஊருக்கு ஊர் நிற்கிற சாதா வண்டிகளில் மாறி மாறிப் போய்ச் சேர்ந்தேன். மூன்று மணி இருக்கும், உனக்கு ஏழரை. வெறும் தலை. ஏழு மீட்டர் உயரம், 40 டன் வெண்கலம், 1971-இல் வைத்தது. அந்த ஊர்க்காரர்கள் 'நிஷெல்' என்பார்கள், நம் பேச்சில் 'மண்டை' என்று வைத்துக்கொள். 1953-இலிருந்து 1990 வரை ஊரின் பெயரே கார்ல் மார்க்ஸ் நகரம்தான், ஆனால் மனிதர் அங்கே வாழ்ந்ததே இல்லை. இதையெல்லாம் உனக்குச் சொல்ல மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன்.

நீ வீடியோவில் வந்தாய். பின்னால் கூடம் நிறைய ஆட்கள். "உடம்பு எங்கேடா?" என்று கேட்டுச் சிரித்தாய். உடம்பு கிடையாது, தலை மட்டும்தான் என்றேன். பின்சுவரில் உலகத் தொழிலாளர்களே என்று நான்கு மொழியில் எழுதியிருந்ததைக் காட்டினேன். தமிழ் இல்லையா என்றாய். அதற்குள் யாரோ, யார் என்று எழுதவில்லை, உன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "ரிசல்ட் வந்துடுச்சாமே, எவ்வளவு?" என்று கேட்டார்கள்.

முந்தின நாள்தான் இணையத்தில் போட்டிருந்தார்கள். கட்டுப்பாட்டுப் பொறியியல், ஐந்து, கமா, பூஜ்யம். இவர்கள் புள்ளிக்குப் பதில் கமா போடுவார்கள். கேமராவை என் முகத்திலிருந்து மார்க்ஸ் பக்கம் திருப்பினேன். தாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். "ஐந்து" என்றேன்.

இரண்டு விநாடி உன் பக்கம் சத்தமே இல்லை. நெட் இழுக்கிறது என்று நினைத்தேன்.

அப்புறம் நீ, கூடம் முழுக்கக் கேட்கிற குரலில், "ஐந்துக்கு ஐந்தா!" என்றாய்.

அவ்வளவுதான். யாரோ கை தட்டினார்கள். அம்மா போனை வாங்கி, 'சாப்பிட்டியா' என்றுகூடக் கேட்காமல் அழுதாள். நான் மார்க்ஸைக் காட்டிக்கொண்டே நின்றேன். கை விறைத்துவிட்டது, கையுறை எடுத்துப் போகவில்லை.

இங்கே 1.0 என்றால் முதல் தரம், 4.0 வரை தேர்ச்சி, 5.0 என்றால் தோல்வி. இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக எழுதுகிறேன். உனக்காக இல்லை, அதற்கு வருகிறேன்.

இந்த இரண்டு வருடமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டது ஒன்றுதான்: நான் பொய் சொல்லவில்லை. கேட்டார்கள், எண்ணைச் சொன்னேன். சரியான எண். அதற்கு வகுத்தல் போட்டு 'ஐந்துக்கு' என்று சேர்த்தது நீ. தூக்கம் வராத ராத்திரிகளில் இந்த வாதம் மிகவும் பலமாக இருக்கும். காலையில் பல் விளக்கும்போது நிற்காது.

மன்னித்துவிடு என்று எழுத வருகிறது, உடனே இன்னொன்றும் வருகிறது, அதையும் எழுதிவிடுகிறேன். அந்த ஜனவரியில் நீ ஒரு தொகை கேட்டாய். எதற்கென்று இங்கே எழுத மாட்டேன், நமக்குத் தெரியும். விசாவுக்காக முடக்கி வைக்கிற பிளாக்டு அக்கவுண்டில் 11,208 யூரோ இருப்பது உனக்குத் தெரியும், நீதான் கட்டினாய். ஆனால் அதிலிருந்து மாதம் 934-க்கு மேல் ஒரு காசு வெளியே வராது. வாடகை, இன்சூரன்ஸ், சாப்பாடு போக மிச்சம் என்று ஒன்று இருந்ததில்லை. அதனால்தான் பார்சல் பிரிக்கிற கிடங்குக்குப் போனேன். மணிக்கு 12.41 யூரோ, ராத்திரி என்றால் கொஞ்சம் கூட. என்னைப் போன்ற வெளிநாட்டு மாணவர்கள் வருடத்துக்கு 120 முழு நாள்தான் வேலை பார்க்கலாம் என்றிருந்தது, அந்த மார்ச்சிலிருந்து அதை 140 ஆக்கினார்கள். ஆக்கியபோது சந்தோஷப்பட்டேன் பார், அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. முதல் தேர்வுக்கு முந்தின ராத்திரியும் பெல்ட் பக்கத்தில்தான் நின்றேன். ஆறு மணிக்கு வெளியே வந்து, எட்டரைக்குத் தேர்வு எழுதினேன். கேள்வித்தாளில் இருந்த வரைபடங்கள் எனக்குப் பெல்ட் மாதிரி நகர்ந்தன.

நீ ஒருமுறையாவது 'பணம் எப்படி வந்தது' என்று கேட்டாயா? 'வந்துடுச்சு தம்பி' என்று ஒரு வரி. அதற்கு ஒரு கும்பிடு பொம்மை.

சரி. என்னோடு அதே பெல்ட்டில் நின்ற ஒரு பையன் அதே பாடத்தில் 1.3 வாங்கினான். அவனும் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவன்தான். அதையும் சொல்லிவிட வேண்டும். எனக்கு அந்தப் பாடம் பிடிபடவில்லை, அவ்வளவுதான். இயந்திரத்தைக் கையில் கொடுத்தால் எங்கே அதிர்கிறது என்று சொல்லிவிடுவேன், அதையே சமன்பாடாக எழுது என்றால் கண் இருட்டும். இரண்டாம் முறை, 2025 பிப்ரவரியில், வேலையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு படித்தேன். இரண்டு மதிப்பெண்ணில் போயிற்று. திருத்திய தாளைப் போய்ப் பார்க்க இங்கே ஒரு நாள் ஒதுக்குவார்கள், போனேன். எங்காவது அரை அரையாகப் பொறுக்கித் தேற்றலாமா என்று முக்கால் மணி நேரம் தாளைப் புரட்டினேன். ஆசிரியர் பொறுமையாகப் பக்கத்திலேயே இருந்தார். எல்லாம் சரியாகத்தான் திருத்தியிருந்தார். மூன்றாம் முறையைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

அதற்கெல்லாம் நடுவில் 'ஐந்துக்கு ஐந்து' தன்பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருந்தது. குடும்பக் குழுவில் யாரோ 'யுனிவர்சிட்டி ஃபர்ஸ்ட்' என்று எழுதினார்கள். நீ மறுக்கவில்லை. யாரோ தங்கள் பையனுக்கு அறிவுரை சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். அந்தப் பையனோடு நாற்பது நிமிடம் பேசினேன், அக்கா. நன்றாகவே அறிவுரை சொன்னேன். அவன் இப்போது இங்கே படிக்க வரத் தேவையான ஏ.பி.எஸ். சான்றிதழுக்கு விண்ணப்பித்திருக்கிறானாம். தம்பி, நீ இதைப் படித்தால், நான் சொன்னதில் தவறான தகவல் எதுவும் இல்லை. என்னைப் பற்றியது மட்டும்தான் தவறு.

இப்போது அந்தத் தாள்.

டிசம்பரில் ஒரு விண்ணப்பத்துக்காகப் பழைய கோப்பை எடுத்தேன். நீல நிறக் கோப்பு, நீ கட்டிக் கொடுத்தது, ஒவ்வொரு நகலுக்கும் உன் கையெழுத்தில் ஒரு சீட்டு. மதிப்பெண் பட்டியலுக்குப் பின்னால் ஒரு கணக்குத் தாள் மடித்து வைத்திருந்தது. இந்தியப் பட்டியலை ஜெர்மன் மதிப்பெண்ணாக மாற்ற இவர்கள் ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள், பவேரியச் சூத்திரம் என்று பெயர். அதிகபட்ச மதிப்பெண்ணிலிருந்து நாம் வாங்கியதைக் கழித்து, அதிகபட்சத்துக்கும் தேர்ச்சிக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். 10, 5, 8.2. வரி வரியாக நீ போட்டிருந்தாய். விடை 2.08. அடியில் இரண்டு கோடு. பக்கத்தில் சிவப்புப் பேனாவில்: 'குறையக் குறைய நல்லது. 4-ஐத் தாண்டினால் ஃபெயில்.'

தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நெட் இழுக்கவில்லை அன்றைக்கு.

இதைப் படிக்கிறவர்கள் யாரும் என் அக்காவைப் பற்றி எதையும் முடிவு செய்துகொள்ள வேண்டாம். ஒரு தாளில் இருந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான். மார்ச் மாதத்துக்குள் அவளுக்கு மறந்தும் போயிருக்கலாம். பொய் என்னுடையது.

ஆனால் உனக்கு மறக்காது. நம் வீட்டில் யாருடைய பத்தாம் வகுப்பு மார்க்கையும் பாடவாரியாகச் சொல்கிறவள் நீ. சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், கடனுக்குக் கையெழுத்துப் போட்டவர். அந்த இரண்டு விநாடியில் அவரைப் பார்த்தாயா, என்னை நினைத்தாயா? மார்க்ஸைத்தான் பார்த்திருக்க முடியும், நான் கேமராவைத் திருப்பிவிட்டேனே. எனக்காக ஒரு குடையை விரித்தாய், புரிகிறது. டிசம்பர் முழுக்க அதை நினைத்து நினைத்து உன்மேல் உருகினேன். ஜனவரியில் கோபம் வந்தது. தெரிந்துகொண்டே ஏன் என்னிடம் தனியாக ஒரு வார்த்தை கேட்கவில்லை? இரண்டு வருடம். எத்தனை ஞாயிற்றுக்கிழமை பேசியிருப்போம். நான் ஏமாற்றுகிறேன் என்று நினைத்து நான் செத்துக்கொண்டிருந்தேன், நீ அந்தப் பக்கம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாய். நானாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தாயா? அப்படிக் காத்திருப்பதும் ஒருவகையில் பரீட்சை வைப்பதுதான். அதிலும் ஐந்துதான் வாங்கியிருக்கிறேன் போல.

அந்தத் தாளில் என் கணக்குக்கு மேலே இன்னொரு கணக்கு இருந்தது. 10, 5, 9.1. விடை 1.54. அதன்மேல் ஒரே ஒரு கோடு, குறுக்காக. அதைப் பற்றி இங்கே எழுத மாட்டேன்.

இனி நடக்க வேண்டியது. நான் திரும்பி வரவில்லை. செப்டம்பர் 1 முதல் மெக்கட்ரானிக்ஸ் தொழிற்பயிற்சியில் சேர்கிறேன், ஆஸ்பில்டுங் என்பார்கள். மூன்றரை வருடம். வாரத்தில் சில நாள் தொழிற்பள்ளி, மற்ற நாள் பட்டறை. ஒப்பந்தத்தில் பிப்ரவரியிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டேன், அதாவது மூன்றாம் தேர்வுக்கு நாலு நாள் முன்னால். அதிலிருந்தே நீ புரிந்துகொள்ளலாம். கூடப் படிக்கப்போகிறவர்களுக்குப் பதினேழு, பதினெட்டு வயதிருக்கும், எனக்கு இருபத்தேழு. பட்டப்படிப்பு ஆங்கிலத்தில் போனதால் ஜெர்மன் தேவைப்படவில்லை. என் ஜெர்மன் முழுக்கக் கிடங்கில் வந்தது, கெட்ட வார்த்தை முதலில், இலக்கணம் பிறகு. மொழித் தேர்வில் பி-2 நிலை தேறிவிட்டேன். இந்த முறை எண்ணில் குழப்பம் இல்லை. விசாவின் நோக்கத்தை மாற்ற விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன், பதில் வரவில்லை.

சித்தப்பா, தொழிற்பயிற்சியில் முதல் மாதத்திலிருந்தே சம்பளம் உண்டு. அதோடு வாரத்துக்கு 20 மணி நேரம் வேறு வேலையும் பார்க்கலாம். செப்டம்பர் முதல் வங்கித் தவணை என் கணக்கிலிருந்து போகும். அதுவரைக்கும் எப்படி என்பதை உங்களிடம் தனியாகப் பேசுகிறேன், இந்த வாரமே. நீங்கள் கோபப்பட உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு. அதை என்னிடம் படுங்கள்.

அம்மாவுக்கு நீ படித்துக் காட்ட வேண்டாம். அவளிடம் நானே சொல்கிறேன். எப்படி என்று இன்னும் தெரியவில்லை, 'மெக்கானிக்கா?' என்பாள்.

அந்தத் தாளை என் மேஜைக்கு எதிரே சுவரில் ஒட்டியிருக்கிறேன். உனக்கு அது வேண்டுமென்றால் சொல், அனுப்புகிறேன். அதற்கும் மஞ்சள் உறை கிடைக்குமா என்று கேட்டுப் பார்க்கிறேன்.

29-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுகிறார்கள். அன்றிலிருந்து நமக்கு நடுவில் மூன்றரை மணி நேரம்தான். உனக்கு மத்தியானம் ஒன்றரை, எனக்குக் காலை பத்து. அறையில்தான் இருப்பேன். கூப்பிடு.

ஸ்பீக்கரில் போடாதே.

தம்பி