வாளி நிறையாத கதை

காலடிப்பேட்டை,
மாசி மாதம், ஞாயிறு மதியம்

அன்புள்ள தனசேகர்,

இங்கே நலம். நீயும் பேரப்பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். முந்தாநாள் போனில் நீ கேட்டதற்கு நான் கால் மணி நேரம் பதில் சொன்னேன். நீ "சரி, சரி" என்றாய். அந்தச் சரியை எனக்கு நாற்பது வருஷமாகத் தெரியும், ஒன்றும் காதில் விழவில்லை என்று அர்த்தம். அச்சு மெஷின் பக்கத்திலேயே நின்று நம் ரெண்டு பேர் காதும் போனது போனதுதான். அதனால் உட்கார்ந்து எழுதிவிட்டேன்.

பெட்ரூம் ஏசி முன்பு மாதிரி குளிரவில்லை, பார்க்க வந்தவர் கேஸ் போடணும் என்கிறார், போடட்டுமா என்று கேட்டாய். போடாதே. இதைப் படித்து முடிக்கிற வரைக்குமாவது போடாதே. நான் மூன்று கோடை போட்டேன், ஒவ்வொரு தடவையும் 2,500 ரூபாய். வருபவர் ஏணி போட்டு ஏறுவார், பத்து நிமிஷத்தில் இறங்குவார், "ஃபுல் பண்ணிட்டேன் சார்" என்பார். ஆடி மாசம் வரைக்கும் ஜில்லென்று இருக்கும். அடுத்த பங்குனியில் மறுபடி பழைய கதை. வண்டிக்குப் பெட்ரோல் போடுவது மாதிரி இதுவும் வருஷச் செலவு என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

உண்மையில் அது எரிந்து தீர்கிற பொருளே இல்லை. மூடிய செப்புக் குழாய்க்குள் அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. அறைக்குள் இருக்கிற பெட்டியின் காயிலில், அதாவது குழாய்ச் சுருளில், ஆவியாகும்போது அறையின் சூட்டை வாங்கிக்கொள்ளும், வெளியே மாட்டியிருக்கிற அவுட்டோர் பெட்டியில் அதைக் கொட்டிவிட்டுத் திரும்பத் திரவமாகும். பத்து வருஷம் ஆனாலும் குறையக் கூடாது. குறைந்தால் எங்கேயோ ஓட்டை. உன் அப்பா காசிமேட்டு ஐஸ் கம்பெனியில் இருந்தபோது நாம் சாப்பாட்டுத் தூக்கைக் கொண்டுபோய்க் கொடுப்போமே, ஞாபகம் இருக்கிறதா? அங்கே அமோனியா கொஞ்சம் கசிந்தாலும் கண்ணும் மூக்கும் எரியும், எல்லோரும் வெளியே ஓடிவந்துவிடுவார்கள். வீட்டு ஏசிக்குள் இருக்கிற கேஸுக்கு அந்த மாதிரி வாசனை கிடையாது. சத்தமில்லாமல் போய்விடும். அதனால் வேறு அடையாளங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

அந்த அடையாளத்தை முதலில் கண்டுபிடித்தது நானில்லை, சரோஜா. நம் ஏரியாவில் தண்ணீர் எப்படி என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஏசி வாங்கிய நாளிலிருந்தே ஏசித் தண்ணீர் வெளியேறுகிற ட்ரெயின் பைப்புக்குக் கீழே ஒரு வாளி வைத்துவிட்டாள். ராத்திரி முழுக்க ஓடினால் காலையில் வாளி நிறைந்திருக்கும், வீடு துடைக்க அதுதான். போன சித்திரையில் ஒரு நாள், "வாளி பாதிதாங்க இருக்கு, நாலு நாளா இப்படித்தான்" என்றாள். எனக்கு ஒன்றும் வித்தியாசம் தெரியவில்லை என்றேன். தினம் அதே அறையில் படுக்கிறவனுக்கு எப்படித் தெரியும்? 24 வைத்திருந்ததை 22 ஆக்கினேன், அப்புறம் 20, அப்புறம் 18. கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினதால் உறைக்கவேயில்லை. மே மாதம் பேரன் வந்தான். ரெண்டு நிமிஷம் நின்றுவிட்டு, "தாத்தா, ஏசி போடலையா?" என்றான். ரிமோட்டில் 18 மின்னிக்கொண்டிருந்தது!

வாளி விஷயத்தை நான் முதலிலேயே புரிந்துகொண்டிருக்க வேண்டும், அச்சாபீஸ்காரன் இல்லையா? மழை நாளில் பேப்பர் ஈரம் குடித்து நீண்டுவிடும், மஞ்சள் மேல் நீலம் உட்காராது, முதலாளி நம் மேல் பாய்வார். 1902இல் நியூயார்க் புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்கு இதே தலைவலி. அதைத் தீர்க்கத்தான் வில்லிஸ் கேரியர் என்ற இளம் இன்ஜினியர் காற்றில் இருக்கிற ஈரத்தைப் பிடித்து எடுக்க ஓர் ஏற்பாடு செய்தார். ஏசி அங்கிருந்துதான் வந்தது. மனுஷனுக்கு முன்னால் பேப்பருக்குத்தான் சுகம் கிடைத்திருக்கிறது. ஆக, ஈரத்தை இழுப்பது அதன் பாதி வேலை. குளிர்ந்த காயிலில் ஈரம் படிந்துதான் தண்ணீராகச் சொட்டுகிறது. கடற்கரைக் காற்றில் தண்ணீர் குறைந்து, உடம்பும் பிசுபிசுவென்று இருந்தால் உள்ளே ஏதோ சரியில்லை. உங்கள் ஈரோட்டுக் காற்று நம் ஊரை விட வறண்டது, அங்கே வாளி நிறையவில்லை என்று பதறாதே. வழக்கமாக எவ்வளவு வருமோ அதிலிருந்து சட்டென்று குறைந்தால் மட்டும் பார்.

தண்ணீர் குறைவதற்கும் ரெண்டு காரணம் உண்டு. ஒன்று, ட்ரெயின் பைப்பில் பாசி பிடித்து அடைத்திருக்கும். அப்போது தண்ணீர் இண்டோர் வழியாகச் சுவரில் இறங்கும், குளிர்ச்சி நன்றாகவே இருக்கும். இது சின்ன வேலை, பைப்பை ஊதிவிட்டால் முடிந்தது. இன்னொன்று, காயிலில் தண்ணீர் பனிக்கட்டியாக உறைந்துபோவது. ராத்திரி முழுக்கச் சொட்டாது, காலையில் ஏசியை அணைத்த பிறகு மடமடவென்று கொட்டும். எனக்கு அதுதான் நடந்தது. கேஸ் குறைந்தாலும் உறையும், ஃபில்டர் அடைத்துக் காற்று போகாவிட்டாலும் உறையும். உறைந்தால் கேஸ்தான் என்று முடிவு கட்டிவிடாதே.

நீ ஃபில்டரைக் கழற்றி எத்தனை நாளாயிற்று? போனில் இதைக் கேட்டபோதும் "சரி" என்றாய். முன் மூடியைத் தூக்கினால் ரெண்டு வலை இருக்கும், இழுத்தால் வந்துவிடும், குழாயடியில் கழுவி நிழலில் காயவைத்து மாட்டு. எண்ணூர் ஹைரோட்டில் கன்டெய்னர் லாரிகள் விடிய விடியப் போவதால் எங்கள் வலை பத்து நாளிலேயே கறுத்துவிடும். எனக்கு இப்போது ஒரு சந்தேகம், முதல் வருஷம் கேஸே குறைந்திருக்காது, வெறும் அழுக்குதான் என்று. அந்த வருஷம் வலையைக் கழற்றின ஞாபகமே எனக்கில்லை. வந்தவரும் கழற்றிப் பார்க்கவில்லை.

நாற்றத்தையும் சொல்ல வேண்டும். ஏசி போட்டதும் ஒரு மாதிரி ஈரத் துணி வாடை வந்தது. வெளியே காயப்போட்ட கருவாடு வாடையை ஏசி இழுக்கிறது என்று பக்கத்து வீட்டம்மாவிடம் பேசப் போனேன், நல்லவேளை சரோஜா தடுத்தாள். ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை இழுப்பதே இல்லை, அறைக்குள் இருக்கிற காற்றையேதான் சுற்றிவிடுகிறது. வாடை, காற்றைத் தள்ளுகிற ப்ளோயரில் பிடித்த பூஞ்சையிலிருந்து. வாட்டர் சர்வீஸ் செய்து பம்ப் அடித்தபோது கறுப்புச் சாந்தாக ஒரு பக்கெட் வந்தது. இதைத்தான் சுவாசித்துக்கொண்டிருந்தோமா என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

கடைசியில் ஓட்டையைக் கண்டுபிடித்தது நம் தண்டையார்பேட்டைப் பையன் ஒருவன். வந்ததும் கேஸ் சிலிண்டரைத் தொடவேயில்லை. முதலில் அவுட்டோர் பக்கம் பைப்புகளைத் தடவிப் பார்த்தான். தடித்த பைப் சில்லென்று வியர்த்திருக்க வேண்டுமாம், எங்களுடையது காய்ந்து கிடந்தது. மெல்லிய பைப் இணைப்பில் வெள்ளையாகப் பனி பூத்திருந்தது. "இது கேஸ் கம்மிதான் ஐயா, ஆனா எங்க போகுதுன்னு பாக்காம போட மாட்டேன்" என்றான். நைட்ரஜனை ஏற்றி, சோப்பு நுரையைத் தடவி, டார்ச் அடித்துப் பார்த்தான். அவுட்டோர் காயிலில், கிழக்குப் பக்க மூலையில், நுரை குமிழ் விட்டது.

கிழக்கென்றால் கடல். அலுமினியத் தகடுகள் தொட்டால் வெள்ளைப் பொடியாக உதிர்ந்தன. செம்பும் அலுமினியமும் ஒட்டியிருக்கிற இடத்தில் உப்பு ஈரம் சேர்ந்தால் அரிப்பு சீக்கிரம் பிடிக்கும் என்று அவன்தான் விளக்கினான். மாடியில் நல்ல காற்று வருகிற இடமாகப் பார்த்து நான்தான் அங்கே மாட்டச் சொன்னேன், யாரைக் குறை சொல்ல? காயிலை மாற்றி, குழாய்க்குள் இருந்த காற்றை வேக்கம் போட்டு உறிஞ்சி எடுத்து, அவுட்டோர் ஸ்டிக்கரில் எழுதியிருக்கிற கிராம் கணக்குக்குத் தராசில் எடைபோட்டு ஏற்றினான். அப்புறம் அவுட்டோரைப் படிக்கட்டு மறைவுக்கு மாற்றினோம். மாசம் ஒரு தடவை மெயினை அணைத்துவிட்டு நல்ல தண்ணீரால் கழுவுகிறேன். உனக்கு அங்கே உப்புத் தொல்லை இல்லை, ஆனால் ஸ்டிக்கரில் ஆர்32 என்று போட்டிருக்கிறதா பார். அந்தக் கேஸ் தீப்பிடிக்கக்கூடியது. வாயில் பீடியோடு ஏணி ஏறுகிறவரை இறக்கிவிடு.

கரண்ட் பில்லையும் எடுத்துப் பார். ரெண்டு மாசக் கணக்கை அதற்கு முந்தின ரெண்டு மாசத்தோடு ஒப்பிடாதே, போன வருஷம் இதே மாசங்களோடு ஒப்பிடு, யூனிட்டைப் பார், ரூபாயைப் பார்க்காதே. என்னுடையது ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. பில்லைக் கட்டினேனே தவிரப் படிக்கவில்லை.

கருகல் வாடை வந்தாலோ, கரண்டைத் துண்டிக்கிற எம்சிபி ஸ்விட்ச் திரும்பத் திரும்ப விழுந்தாலோ உடனே அணைத்துவிடு, ஆள் வரும் வரை போடாதே. அவுட்டோர் "ம்ம்ம்" என்று முனகிவிட்டு ஓடாமல் நின்றால் மோட்டாரைக் கிளப்பிவிடுகிற கெப்பாசிட்டர் போயிருக்கும். விலை குறைவுதான், ஆனால் கரண்டை அணைத்த பிறகும் ஷாக் அடிக்கும். பழைய மெஷின்மேன் என்ற தைரியத்தில் நீ ஸ்க்ரூடிரைவரோடு போய் நிற்காதே, உன்னை எனக்குத் தெரியும்.

கத்திரிக்கு முன்னாலேயே ஆளைக் கூப்பிட்டுவிடு. சித்திரை பிறந்துவிட்டால் அவர்களும் ஓட்டமாய் ஓடுவார்கள், பத்து நிமிஷ வேலைதான் கிடைக்கும்.

மற்றபடி, நீ போன பிறகு வந்த மெட்ரோ வீட்டுப் பக்கத்திலேயே நிற்கிறது. முட்டி வலிக்கு அதுதான் மருந்து, சென்ட்ரல் வரைக்கும் ஜில்லென்று போய்வருகிறேன். நம் பழைய பிரஸ் இருந்த இடத்தில் செருப்புக் குடோன் வந்துவிட்டது. உன் மச்சான் பையன் அடுத்த வாரம் ஈரோடு வருகிறானாம், அவனிடம் நெத்திலிக் கருவாடு அரைக் கிலோ கொடுத்தனுப்புகிறேன். ஃபில்டரைக் கழுவினாயா, என்ன நிறத்தில் தண்ணீர் போனது என்று அவனிடமே எழுதிக் கொடுத்துவிடு. போன் வேண்டாம்.

உன்
எத்திராஜ்