தலையணைக்கு அடியில் இருந்த காகிதம்

அன்புள்ள கண்ணா,

போன வாரம் போனில் ஒரு நோயாளியைப் பற்றிச் சொன்னாய். "இனி செய்ய ஒன்றுமில்லைம்மா, வீட்டுக்கு அனுப்பிவிட்டோம்" என்றாய். உன் குரலே சரியில்லை. அதிலிருந்து எனக்கு மனசு அங்கேயே நிற்கிறது.

உன் வயதில் என் வாயிலும் அந்தச் சொல் வந்திருக்கிறது. மார்பகப் புற்றுநோய் எலும்புவரை பரவிய ஒரு அம்மாவை அப்போது வீட்டுக்கே போய்ப் பார்த்துவந்தேன். ஒரே அறை, அதற்குள் ஐந்து பேர். நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை, கடும் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் மாத்திரை எழுதியிருந்தேன். வலி அடங்கவில்லை. போகும்போதெல்லாம் அளவைக் கூட்டினேன். மூன்றாவது முறை, விரிப்பை மாற்றத் தலையணையைத் தூக்கினால் அடியில் ஒரு மடித்த காகிதம். பிரித்துப் பார்த்தேன். பாதி பாதியாக உடைத்த மாத்திரைகள். தீர்ந்துவிட்டால் மறுபடி வாங்கிவர மகன் ஒரு நாள் கூலியை விடவேண்டுமே என்று, யாரிடமும் சொல்லாமல் அவரே பாதியாக்கிச் சாப்பிட்டிருக்கிறார். நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். "வலி பத்துக்கு எத்தனை?" என்பதைத் தவிர நான் எதுவும் கேட்கவில்லை. கூட்டி எழுதிய அளவை யாராவது ஒரு நாள் அப்படியே முழுசாகக் கொடுத்திருந்தால், மூச்சே அடங்கியிருந்தால்? நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைக் கலக்குகிறது.

1967-ல் லண்டனில், குணப்படுத்த முடியாத நோயாளிகளைக் கடைசிவரை பராமரிக்கும் புனித கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், உடல் நோவோடு மனசு, குடும்பம், பணம் எல்லாம் சேர்ந்த 'மொத்த வலி' என்று ஒன்றைச் சொன்னார். அவர் முதலில் செவிலியர், அப்புறம் சமூகப் பணியாளர், அதற்கும் பிறகுதான் டாக்டர். நாம் நேரே டாக்டர் ஆகிவிடுகிறோம். கூலி போவதும் ஒரு வலி என்பது நமக்கு லேசில் கண்ணில் படுவதில்லை.

அந்த அம்மாவுக்குப் புண் வேறு இருந்தது. அதன் நாற்றத்துக்குக் கூசி, பேத்தியைப் பக்கத்தில் விடமாட்டார். ஒற்றை அறையில் எங்கே போய் ஒளிவது? புண்ணைக் கழுவி, மெட்ரோனிடசோல் மாத்திரையை நன்றாகப் பொடித்துத் தூவ மருமகளுக்குக் கற்றுக்கொடுத்தேன். சில நாளில் நாற்றம் அடங்கியது. அடுத்த முறை நான் போனபோது பேத்தி அவர் கையைப் பிடித்தபடி தூங்கிக்கொண்டிருந்தது. எழுப்பாமல் குனிந்து நாடி பார்த்தேன். பன்னிரண்டு நாள் கழித்து அவர் போய்விட்டார். வலியில்லாமல் போனார்.

கடும் நோயில் வலியையும் வேதனையையும் தணிக்கும் இதைத்தான் நோய்த்தணிப்புப் பராமரிப்பு என்கிறோம். உலகில் ஆண்டுக்கு 5 கோடியே 68 லட்சம் பேருக்கு இது தேவை, கிடைப்பது 14 சதவீதம் பேருக்குத்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மார்ஃபின் மாத்திரை ஒன்றும் விலை கூடிய மருந்தல்ல. போதைமருந்துக் கட்டுப்பாடுகளையும், பழகிவிடுமோ என்ற பயத்தையும் தாண்டி அது ஏழை வீட்டுக்குப் போய்ச் சேருவதுதான் பாடு.

சரி, உன் நோயாளிக்கு வருகிறேன். மார்ஃபினோடு மலமிளக்கியும் எழுதினீர்களா? எழுதவில்லையென்றால் மலச்சிக்கல் தாங்காமல் மார்ஃபினையே நிறுத்தியிருப்பார். ராத்திரி மாத்திரை எடுத்துக் கொடுப்பது யார், தீர்ந்தால் யார் போய் வாங்குவார் என்று கேட்டாயா? ஞாயிற்றுக்கிழமை உனக்கு விடுமுறை என்றாயே. ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வா. போனதும் அவசரப்படாதே, கொஞ்சம் உட்கார். வந்தபிறகு எத்தனை மணியானாலும் எனக்குப் போன் பண்ணு, விழித்திருப்பேன்.

அம்மா