கடல் விலகிப்போன ஊர்

அன்புள்ள மகளுக்கு,

சின்னவனுக்குப் பள்ளியில் ஓர் ஆற்றைப் பற்றி எழுதச் சொல்லியிருக்கிறார்கள், தாமிரபரணி வெறும் 128 கிலோமீட்டர்தானே, அதில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்கிறான் என்றாய். அங்கே அவன் தினமும் பார்க்கும் ஆற்றுக்கு முன்னால் இது வாய்க்கால்தான், ஒத்துக்கொள்கிறேன்.

இருந்தாலும் பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும்வரை இது அடுத்த மாநிலத்து மண்ணை மிதிப்பதில்லை. தண்ணீருக்காக நாம் யார் வாசலிலும் போய் நிற்க வேண்டியதில்லை. ஆனியில் தென்மேற்கு மழை மலையில் இறங்கினால் கார் நெல், ஐப்பசியில் வடகிழக்கு மழை வந்தால் பிசான நெல். நம் பக்கத்துச் சிவகளையில் அகழாய்வில் கிடைத்த முதுமக்கள் தாழிக்குள் கிடந்த நெல்லுக்கு ஏறக்குறைய 3,200 ஆண்டு வயது என்று கணித்திருக்கிறார்கள். ஆச்சியிடம் சொன்னேன். "காரா, பிசானமா?" என்று கேட்டாள். ஆய்வாளர்கள் அதைச் சொல்லவில்லை.

போன வாரம் பஸ் ஏறிக் கொற்கைக்குப் போய்வந்தேன். பாண்டியரின் முத்துத் துறைமுகம். பழங்காலக் கிரேக்க நிலவியலாளர் தாலமி 'கொல்கோய்' என்று குறித்துவைத்த ஊர். துறைமுகத்தைத் தேடிப் போனால் வாழைத்தோட்டம்தான் இருக்கிறது. கடல் கிழக்கே சில கிலோமீட்டர் போய்விட்டது. அதைத் தள்ளிவிட்டது நம் ஆறுதான். மலையிலிருந்து வண்டலைச் சுமந்துவந்து முகத்துவாரத்தில் கொட்டிக் கொட்டியே கப்பல் நின்ற இடத்தை வயலாக்கிவிட்டது. 2023 டிசம்பர் வெள்ளம் வடிந்த பிறகு நம் நடுவீட்டில் கணுக்கால் அளவு சேறு கிடந்ததே, படம் அனுப்பினேனே, அதே வேலைதான். அன்று நான் ஆற்றைத் திட்டிய திட்டு உன் அம்மாவுக்குத்தான் தெரியும்.

வாழைக்குப் பாத்தி வெட்டிக்கொண்டிருந்தவர் மண்வெட்டியில் தட்டுப்பட்ட ஒன்றை எடுத்து வேட்டியில் துடைத்து நீட்டினார். சிப்பி. விளிம்பெல்லாம் உதிர்ந்து, சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெளுத்திருந்தது. வெயிலில் திருப்பியபோது உள்பக்கம் மட்டும் லேசாக மினுங்கியது. "தோண்டினால் வரும் சார், பிள்ளைகள் விளையாடுவார்கள்" என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டார்.

கேட்டு வாங்கிவந்துவிட்டேன். உனக்கென்று எடுத்த பத்தமடைப் பாய்க்குள் சுருட்டி வைத்திருக்கிறாள் உன் அம்மா. தையில் வரும்போது சின்னவன் கையில் கொடுக்கிறேன். இன்னும் கழுவவில்லை, மண் அப்படியே ஒட்டியிருக்கிறது.

அன்புடன்,
அப்பா