உன் கார், உன் மாமரம்

அன்புள்ள மாப்ளே,

கார் படம் வந்தது. கருநீலம் நல்ல தேர்வு, பெரியவளுக்குக் காட்டினேன், பரீட்சை முடிந்ததும் மாமா காரில் ஒரு சுற்று போகவேண்டும் என்று இப்போதே கேட்க ஆரம்பித்துவிட்டாள். அடுத்த மாதம் அவளுக்குப் பிளஸ் டூ பொதுத்தேர்வு, அதனால் வீட்டில் டிவி கூடப் போடுவதில்லை. சரி, நீ எழுதிய விஷயத்துக்கு வருகிறேன். காரில் பிசினும் காக்கா எச்சமும் விழுகிறது, அதனால் வாசல் மாமரத்தை வெட்ட ஆள் சொல்லியிருக்கிறேன் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறாயே, அந்த ஆளை முதலில் நிறுத்து.

உன் பானெட்டில் பொட்டுப்பொட்டாக ஒட்டுவது மரம் வடிக்கும் பிசினே இல்லை. தை, மாசியில் மா பூக்கும்போது தத்துப்பூச்சி வரும், பூங்கொத்திலும் இளந்தளிரிலும் சாறு உறிஞ்சிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் மாதிரி ஒன்றை வெளியே விடும். அதுதான் சொட்டுகிறது. மரத்தடியில் இருக்கும் ஏதாவது ஒரு செடியின் இலையைத் தடவிப் பார், அதுவும் பிசுபிசு என்று ஒட்டும். அப்படியே விட்டால் அந்த இனிப்பின் மேல் கரும்பூஞ்சாணம் படர்ந்து இலை, கார் எல்லாம் கரி பூசியதுபோல் ஆகிவிடும். சர்க்கரை என்பதால் புதிதாக இருக்கும்போது வெறும் தண்ணீருக்கே போய்விடும், நாலு வெயில் காய்ந்தபிறகுதான் பிடிவாதம் பிடிக்கும். பூச்சிக்கு, சாயங்கால நேரத்தில் வேப்பெண்ணெயில் கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து தெளிக்கச் சொல், காய்ப்பு முடிந்ததும் உள்ளே நெருக்கமாக இருக்கும் கிளைகளைக் கழித்து வெளிச்சம் விடு. வெட்டுகிற ஆளுக்கு அந்த வேலையைக் கொடு, போதும்.

காய் பறிக்கிற நாளில் மட்டும் காரைத் தள்ளி நிறுத்து, காம்பிலிருந்து பீறிடும் பால் நம் தோலையே பொத்துப்போக வைக்கும். அசல் பிசின் என்றால் வேம்பு, முருங்கைதான் கவனம். அது இறுகிவிட்டால் சுரண்டாதே, வெதுவெதுப்பான தண்ணீர் நனைத்த துணியைப் போட்டு ஊறவிடு, மிச்சத்தை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் மெதுவாக எடுத்துவிட்டு உடனே தண்ணீரில் கழுவிவிடு. தின்னர் பக்கமே போகாதே.

எச்சம்தான் நிஜமான எதிரி. அதில் வெள்ளையாகத் தெரிகிறதே, அது யூரிக் அமிலம், தண்ணீரில் லேசில் கரையாது, அதனால்தான் மழை பெய்தாலும் போவதில்லை. அதோடு பறவையின் குடலிலிருந்து வரும் நொதிகளும் சேர்ந்து பெயின்டின் மேல்பூச்சை அரிக்கின்றன. இந்த மேல்பூச்சு, கிளியர் கோட் என்கிறார்களே, சாதாரணமாக 40, 50 மைக்ரான் கனம்தான், தலைமுடியை விட மெல்லியது. உச்சிவெயிலில் கருநீல பானெட்டில் கை வைக்க முடியாது, அந்தச் சூட்டில் மேல்பூச்சு இளகி விரியும், அந்தி சாய்ந்ததும் சுருங்கி, காய்ந்த எச்சத்தைச் சுற்றி இறுகிக்கொள்ளும், அப்புறம் எச்சத்தைத் துடைத்தாலும் அதன் தடம் மட்டும் நிற்கும். ஆகவே எந்த கம்பெனி ஷாம்பூ வாங்கலாம் என்று நீ கேட்பதைவிட எத்தனை மணிக்குத் துடைக்கிறாய் என்பதுதான் முக்கியம். காலையில் வெயில் ஏறும் முன்னால் ஒருமுறை காரைச் சுற்றி வந்துவிடு. வண்டியிலேயே ஒரு தண்ணீர் பாட்டிலும் ரெண்டு மைக்ரோஃபைபர் துணியும் கிடக்கட்டும். துணியை நன்றாக நனைத்து எச்சத்தின் மேல் ஐந்து, பத்து நிமிடம் போட்டு வை, இளகியதும் அப்படியே தூக்கி எடு. காய்ந்த துணியால் தேய்த்தாயோ, உள்ளே இருக்கும் மணலும் வேப்பங்கொட்டைத் துணுக்கும் பெயின்டைக் கீறிவிடும். பானெட் சுடுகிறது என்றால் முதலில் நிழலில் நிறுத்தி ஆறவிடு.

ஷோரூமில் செராமிக் கோட்டிங் போடச் சொல்லி நச்சரிக்கிறார்கள் என்றாய். அது கெட்டதில்லை, சிலிக்கா பூச்சு, அழுக்கு சீக்கிரம் கழன்றுவரும், துடைக்க உனக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் கிடைக்கும். ஆனால் எச்சம் நாள்கணக்கில் வெயிலில் கிடந்தால் அதன் மேலும் தடம் விழத்தான் செய்யும், அதை எந்த ஷோரூமும் அழுத்திச் சொல்வதில்லை. பாலியுரேத்தேன் படலம் ஒட்டினால் பெயின்டுக்கு நிஜமான காப்பு, விலைதான் மலைக்க வைக்கும். என்னைக் கேட்டால் கார்னௌபா மெழுகு போதும், பிரேசில் நாட்டுப் பனைவகை ஒன்றின் இலையிலிருந்து எடுப்பது. நம் வெயிலுக்கு ரெண்டு மூன்று மாதம் தாங்கும், தீரத்தீரப் பூசிக்கொள். பாத்திரம் கழுவும் சோப்பால் மட்டும் காரைக் கழுவாதே, பூசிய மெழுகு அத்தனையும் போய்விடும்.

உறை போடுவதானால் கழுவிய கார் மேல்தான் போடவேண்டும், தூசியோடு போட்டால் காற்றில் உரசி உரசி மெல்லிய கீறல் விழும், ஐப்பசி அடைமழையில் ஈரமும் உள்ளேயே தங்கும். பச்சை நிழல்வலையை நம்பாதே, இனிப்புத் துளி அதில் இறங்கிவிடும். தகரக் கூரை இறக்க முடிந்தால் அதுவே உத்தமம்.

இன்னொன்று கவனி. உன் படத்தில் காருக்கு நேர் மேலே மின்கம்பி போகிறது. மரத்தை எடுத்துவிட்டால் இலையில் பாதி தங்கிவிடும் எச்சமும் கம்பியிலிருந்து நேராகக் காரில்தான் விழும், கூடவே நாள் முழுக்க மதுரை வெயில். இப்போதைக்குக் காரை நாலடி பின்னால் தள்ளி, கம்பிக்கு வெளியே நிறுத்திப் பார்.

ஏற்கனவே விழுந்த தடத்தை நகத்தால் தடவு. வழவழப்பாக இருந்து மங்கல் மட்டும் தெரிந்தால், அந்த இடத்தை மட்டும் பாலீஷ் போடச் சொல். முழு காருக்கும் வேண்டாம், ஒவ்வொரு பாலீஷும் மேல்பூச்சில் கொஞ்சம் தின்றுவிடும்.

தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் எந்தத் தேதி என்று எழுது, லீவு போட்டுவிட்டு வருகிறேன்.

அன்புடன்,
உன் மாப்ளே